தண்ணீர் கொதிக்கலாம், சோறு வேகக் கூடாது

சமையலறை செய்து தரச்சொல்லி வருகிறவர்களில் பாதிப்பேர் அதில் சமைக்கப் போவதில்லை என்பது இந்தத் தொழிலில் முதல் வாரமே தெரிந்துவிடும். அந்த வீடுகளில் சமைக்கப் போகிறவர்களை யாரும் கடைக்குக் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

நீங்களும் பட்டிருப்பீர்கள். புது வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போட ஆளைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் காட்டிய படத்தைப் பார்த்து மயங்கி, கடைசியில் குக்கர் நுழையாத டிராயரும் இட்லிப் பானை நிற்காத அலமாரியுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் படத்தைக் காட்டுகிற ஆள் நான்தான். கல்யாணமாகிச் சிங்கப்பூரில் சில வருடம், அப்புறம் ஜெர்மனியில் பல வருடம், இப்போது இரண்டு வருடமாக மைசூரில். மூன்று இடத்திலும் இதே வேலை. கொள்ளேகாலில் ஐந்தாவது வரை தமிழிலும் அதற்கு மேல் மைசூரில் கன்னடத்திலும் படித்தவள் என்பதால், வாடிக்கையாளர் எந்த மொழியில் திட்டினாலும் முழுசாகப் புரிகிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இத்தனை பேர் வீட்டுக்குச் சமையலறை வரைந்த எனக்கு, நான் குடியிருக்கும் வீட்டில் ஒரு சமையலறை கிடையாது. கேட்டு வாங்க ஊருக்கு வந்த நாளிலிருந்து மல்லுக்கு நிற்கிறேன்.

தீவு

வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனைவி சுமதியோடு வந்தார். மகன் டெக்சாஸில் இருக்கிறான். மகன் வீட்டுச் சமையலறையின் நடுவே நாலு பக்கமும் சுற்றி வரும்படி ஒரு பெரிய மேடை. அங்கே அதற்குத் தீவு என்று பெயர். போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். ‘அவன் கிச்சனுக்குள்ள நம்ம வீட்டையே வெச்சுடலாம் மேடம்’ என்று பெருமையும் பொறாமையுமாகச் சொன்னார். அதே மாதிரித் தீவு இங்கேயும் வேண்டுமாம். இங்கே என்பது முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் கட்டிய வீடு. சமையலறை பத்துக்கு ஒன்பது. அதிலும் ஒரு மூலையில் ஃபிரிட்ஜ், ஒரு மூலையில் பின்வாசல் கதவு.

அமெரிக்காவில் சமையலறை என்பது வருகிறவர்கள் கையில் டம்ளரோடு நின்று பேசுகிற கூடம், அங்கே தாளிப்பதும் கிடையாது, தாளித்தால் கூரையில் இருக்கிற அலாரம் அலறும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் வீடியோவை மறுபடியும் ஓட்டினார். வேறு வழியில்லாமல் அவர் வீட்டுக்கே போய், தீவின் அளவுக்குத் தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்தேன். அடுப்பிலிருந்து சிங்க் வரைக்கும் ஒரு குக்கரைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டுங்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டுக்கொண்டேன். அவர் தாளை மிதிக்காமல் சுவரில் முதுகை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்தார். பாதி வழியில் முந்தானை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. குக்கரோடு அப்படியே நின்று கணவரைப் பார்த்தார். கணவர் மனைவியையும் பார்த்தார், தாளையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“சுமதி கொஞ்சம் இளைச்சாப் போதும் மேடம். தீவு அங்கேயே இருக்கட்டும்.”

எது அடுப்பு?

எங்கள் வீடும் முப்பதுக்கு நாற்பதுதான். அப்பா வாங்கிப்போட்ட சைட். கீழே அண்ணன் குடும்பம், மேலே எனக்கு என்பது அப்பா இருக்கும்போதே எல்லோர் முன்னாலும் பேசி முடித்தது. மேல்தளம் கட்டும்போது நான் ஜெர்மனியில் இருந்தேன். கிழக்கு பார்த்த அடுப்பு, ஜன்னலுக்குக் கீழே சிங்க் என்று ஏழுக்கு எட்டில் ஒரு சமையலறை வரைந்து அனுப்பினேன். பிளம்பரும் அதைப் பார்த்துக் குழாய் இழுத்துவிட்டார். நான் வந்து பார்த்தபோது அந்த இடத்தில் இஸ்திரி மேஜையும் பழைய சூட்கேஸ்களும் இருந்தன. குழாய் முனைகளை அடைத்து, மேலே டைல் ஒட்டியிருந்தார்கள். விரலால் தட்டினால் எந்த டைலுக்குப் பின்னால் குழாய் என்று சத்தமே சொல்லிவிடும். வந்த புதிதில் அடிக்கடி தட்டிப் பார்த்தேன்.

காரணம் உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம். பாகப்பிரிவினைப் பத்திரம்கூட அப்புறம்தான். அப்போது அண்ணன் மகள் பவித்ராவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் மாடிக்கும் ஏறிப் பார்ப்பார்கள். ‘அத்தை தனிச்சமையலா?’ என்று ஒரு கேள்வி வந்தால் போதும் என்று அண்ணனுக்குப் பயம். எனக்குச் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று வேளையும் கீழே தட்டு வைத்துக் கூப்பிடுவார்கள், அண்ணி கைப்பக்குவமும் நல்லது. ஆனால் நாற்பத்தெட்டு வயதுக்காரி பசித்தபோது சாப்பிடாமல் கூப்பிட்டபோது சாப்பிடுவதில் ஒரு விருந்தாளித்தனம் இருக்கிறது. விருந்தாளி என்றாலாவது நாலு நாளில் கிளம்பிப் போய்விடலாம்.

ஒருநாள் கரண்டில் வெந்நீர் போடுகிற கெட்டில் ஒன்றை வாங்கி மாடிக்குக் கொண்டுபோனேன். அண்ணி பார்த்தார், வழிவிட்டார். தைரியம் வந்து, அடுத்து ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கி வந்தேன். அதை மாடிப்படியிலேயே மறித்துவிட்டார். இரண்டும் கரண்டில் ஓடுகிறதுதானே அண்ணி, நெருப்பே இல்லையே, இதில் எது அடுப்பு, எது அடுப்பில்லை என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே நிஜமாக யோசித்துச் சொன்னார்:

“தண்ணி கொதிச்சாப் பரவால்ல கலா. சோறு வெந்தா அது அடுப்புதான்.”

லாரியில் ஏறுகிற சமையலறை

ஜெர்மனியில் நாங்கள் முதன்முதலாக வாடகைக்குப் பார்த்த வீட்டில், சமையலறை என்று காட்டிய இடத்தில் சுவரிலிருந்து குழாய்களும் கூரையிலிருந்து ஒரு ஒயரும் நீட்டிக்கொண்டிருந்தன. வேறொன்றும் இல்லை. திருட்டுப் போய்விட்டதா என்று என் கணவர் வீட்டுக்காரரிடம் விசாரித்தார். அங்கே நிறையப் பேருக்கு வழக்கம் அது. வீட்டைக் காலி செய்யும்போது அலமாரி, சிங்க், அடுப்பு, மேல்பலகை எல்லாவற்றையும் திருகு திருகாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். புது வீட்டுச் சுவர் நீளமாக இருந்தால் ஒரு துண்டு சேர்க்க வேண்டும், குட்டையாக இருந்தால் அறுக்க வேண்டும். அந்தச் சேர்க்கிற, அறுக்கிற கணக்குத்தான் அங்கே என் வேலை. ஐந்து வீடு மாறிய ஒரே சமையலறையைக்கூட அளந்திருக்கிறேன்.

பிறகு நானும் கணவரும் பிரிந்தோம். அவர் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்த ஒரே பொருள் சமையலறை. எனக்கு மைக்ரோவேவ் போதும், நீயே கழற்றிக்கொள் என்றார். நான் அதைத் தொடாமல் கிளம்பினேன். மைசூரில் மாடியில் குழாய் இழுத்து ஒன்று எனக்காகக் காத்திருக்கிறது என்ற தெம்பு. வேலையில் கடைசி நாள், என்னோடு வேலை செய்த ஊர்சுலா, ஏன் எடுத்துப் போகவில்லை என்று கேட்டாள். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கழற்ற முடியாது, சமையல் மேடையைக் கல்லும் சிமெண்டுமாகச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுவோம், வீடு இருக்கிறவரைக்கும் அது அசையாது, கல்யாணமாகிப் போகிற பெண்கள்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் ரொட்டியைக் கடிப்பதை நிறுத்தினாள்.

“அப்படியானால் உங்கள் ஊரில் சமையலறை அசையாத சொத்து. லாரியில் ஏற்றுகிற சாமான் பெண்கள்.”

வராத மருமகளின் உயரம்

சமையல் மேடையின் உயரத்தைச் சமைக்கிறவரின் முழங்கையிலிருந்து அளந்து எடுக்க வேண்டும். மேடை உயர்ந்தால் தோள் வலிக்கும், தாழ்ந்தால் இடுப்பு போகும். ஜெர்மனியில் இதற்காகவே வாடிக்கையாளரை நிற்கவைத்து வெங்காயம் நறுக்குவது போல் கையை ஆட்டச் சொல்வோம். இங்கே கேட்டால் நார்மல் ஹைட் என்பார்கள். யாருக்கு நார்மல் என்று கேட்டால் கோபம் வரும்.

நஞ்சன்கூடு பக்கத்திலிருந்து ஒரு கன்னடக்கார அம்மா மகனோடு வந்தார். யார் சமைப்பீர்கள் என்று கேட்டேன். மருமகள் என்றார். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றார். கல்யாணம் முடிந்ததும் மேடை போட்டுக்கொள்ளலாமே என்றால், அடுக்களை முடியாத வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று என்னையே திருப்பிக் கேட்டார். என் கூட வேலை செய்கிற ரேகா, கம்ப்யூட்டரில் படம் போடுகிற பெண், மகனையே நிற்கவைத்து அளந்து நாலு இஞ்ச் கழித்துக்கொள்ளலாமா மேடம் என்று என் காதில் கேட்டாள். கிட்டத்தட்ட அதைத்தான் செய்தோம். பளபளவென்று கறுப்பு கிரானைட். சில மாதம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். நல்ல இடம், பெண்ணும் பிடித்திருக்கிறது, படிப்பும் சரி, ஆனால் குள்ளம். மேடையைக் கொஞ்சம் இறக்க முடியுமா? கல்லை உடைத்து எடுத்துத்தான் இறக்க வேண்டும், அதே கல் மறுபடி உதவாது என்றேன். மறுமுனையில் யாரிடமோ கலந்து பேசுகிற சத்தம். பிறகு தெளிவான குரலில் சொன்னார்:

“பேடா மேடம், கல்ல உடைக்க வேண்டாம். பொண்ண இன்னும் நிச்சயம் பண்ணலயே.”

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

சிங்கப்பூரில் வசதியான வீடுகளில் இரண்டு சமையலறை இருக்கும். முன்னால் இருப்பதில் காப்பி போடுவார்கள், பழம் நறுக்குவார்கள். பின்னால் கதவு போட்டு அடைத்த சின்னதில்தான் எண்ணெய், புகை, மீன். அந்தப் பின் சமையலறைக்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஒரு சாமான் அறை. அரிசி மூட்டைக்கும் சோப்புப் பொடிக்கும் நடுவே வேலைக்காரப் பெண் படுக்க ஒரு பலகை போட வேண்டும் என்பார்கள். போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவள் கால் நீட்டினால் அரிசி டப்பாவில் இடிக்கும் என்றால், அவள் குள்ளம்தான் என்பார்கள்.

அந்த இரட்டைச் சமையலறை இப்போது மைசூருக்கும் வந்துவிட்டது. ரிங் ரோட்டுக்கு அப்பால் வில்லா வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பதி. ஹாலைப் பார்த்தபடி கைப்பிடியே வெளியே தெரியாத அலமாரிகள், கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு. அசல் சமையல் மட்டும் பின்னால், பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் விட்டிருக்கிற யுடிலிட்டியில். அங்கே ஜன்னலைத் திறந்தால் காம்பவுண்டு சுவர். புகை போக வழி வேண்டுமே என்றேன், ஜன்னல் இருக்கிறதே என்றார் அந்தக் கணவர். அவருடைய அம்மா அங்கேயே நின்றிருந்தார். கிளம்பும்போது என் கையைத் தொட்டு, உட்கார்ந்து காய் நறுக்க ஒரு ஸ்டூல் போட இடம் விடும்மா என்று மட்டும் கேட்டார். வாஷிங் மெஷினை முன் சமையலறைப் பக்கம் நகர்த்தினால் ஸ்டூலுக்கு இடம் கிடைக்கும் என்று படத்தில் காட்டினேன். மகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பொறுமையாக எனக்குப் புரியவைத்தார்:

“முன்னாடி இருக்கறது ஃபோட்டோவுக்கு மேடம். பின்னாடி இருக்கறதுதான் அம்மாவுக்கு.”

தெரிந்த வாடிக்கையாளர்

பவித்ராவுக்கு ஓசூரில் இடம் அமைந்து கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுவீடும் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். இனி மாடியேறி வந்து அடுப்பை எண்ண யாரும் இல்லை. நானாக வாயைத் திறக்க வேண்டாம், அவர்களாகவே சொல்லட்டும் என்று இருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணனும் அண்ணியும் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் கடைக்கு வந்தார்கள். அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. வந்த காரணம் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ரேகாவை அனுப்பி டீயும் போண்டாவும் வாங்கிவரச் சொன்னேன்.

‘மேல போட நீ வரைஞ்சியே அம்மிணி, அதே பிளான் போதும்’ என்றார் அண்ணன். நான் கம்ப்யூட்டரில் அந்தப் பிளானைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அவரே தொடர்ந்தார். பக்கத்து லேஅவுட்டில் யோகா கற்றுக்கொள்ள வெள்ளைக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள், சமையலறை இருந்தால்தான் வீடு எடுக்கிறார்கள், தரகர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். பவித்ரா அறை கீழே சும்மாதானே கிடக்கிறது, நீ அங்கே வந்துவிட்டால் உனக்கும் படியேறுகிற கஷ்டமில்லை. குழாயெல்லாம் உள்ளேயே இருக்கிறது, டைலைத் தட்டி எடுத்தால் போதும். இவ்வளவையும் அக்கறையாகத்தான் சொன்னார். அப்படியானால் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு ஆகிவிடாதா என்று கேட்டேன். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சாம்பிள் அலமாரியின் கதவை இழுத்து விட்டார். அது சத்தமில்லாமல் தானாகவே போய் மூடிக்கொள்வதை ரசித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அவங்க வேத்து ஆளுங்க கலா. அவங்க அடுப்பு நம்ம வீட்டப் பிரிக்காது.”

வாடகைக்கு ஓர் ஆள்

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நானும் ஒரு வழி சொன்னேன். வேற்று ஆள் அடுப்பு வீட்டைப் பிரிக்காதென்றால் என்னையும் வேற்று ஆளாகவே வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளைக்காரர்கள் தருகிற வாடகையை நான் தருகிறேன், மாடியும் சமையலறையும் எனக்கே இருக்கட்டும் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அண்ணி ரசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டார்.

அண்ணன் பிசைவதை நிறுத்தாமல், இது என்ன பேச்சு என்றார். மாடி எனக்கென்று அப்பா சொன்னது என்ன ஆயிற்று என்றேன். இப்பவும் உன்னுதுதான், யாரு இல்லைன்னாங்க என்றார். அப்படியென்றால் வாடகை இல்லாமலே அங்கே சமைத்துக்கொள்கிறேன் என்றேன். அது இரண்டு அடுப்பு ஆகிவிடுமாம். சரி, வாடகை கொடுத்தே சமைத்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார், அதில் பொய்யில்லை:

“கூடப்பொறந்தவகிட்ட வாடக வாங்கித் திங்கறான்னு கொள்ளேகால் முச்சூடும் பேச மாட்டாங்களா அம்மிணி?”

அண்ணன் இருக்கிற ஊர்

வெளியே வீடு பார்க்கலாம் என்று கிளம்பினேன். சரஸ்வதிபுரம் பக்கத்தில் எங்கள் கடையில் சமையலறை போட்டுக்கொண்ட ஒரு தமிழ் அம்மா, தன் வீட்டுப் பின்புறம் ஓர் அறையும் சமையலறையுமாக வாடகைக்கு விடுகிறார். அந்தச் சின்னச் சமையலறையும் நான் வரைந்ததே. சிங்குக்கு மேலே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அவர்கள் வீட்டு நந்தியாவட்டை, அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கிவைக்க ஒன்றரை அடி கல். சிங்கப்பூரில் ஒரு குடும்பமே பிழைத்துக்கொள்கிற இடம்.

எனக்கென்று தெரிந்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது. அண்ணன் எங்கே இருக்கிறார், சொந்த வீடா, மாடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். தனியாக இருக்கிற பெண்ணுக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. காப்பி கொடுத்தார், வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

“வெளியூர்க்காரியா இருந்தா இன்னிக்கே சாவி கொடுத்துடுவேன் கலா. அண்ணன் வீடு இதே ஊர்ல இருக்கறவளுக்குக் கொடுத்தா குடும்பத்தப் பிரிச்ச பாவம் எனக்கு வந்துடும்.”

மாடியில் பால் காய்ச்சியது

கடைசியில் வாடகைக்காரர்களுக்கான மாடிச் சமையலறையை நானே வரைந்தேன். வேறு யாரிடமாவது விட்டால் ஜன்னலை மறைத்து அலமாரி போட்டுவிடுவார்கள். டைலை உடைத்தபோது குழாய் நான் தட்டிப் பார்த்த இடத்திலேயே இருந்தது. ஒரே ஒரு மாற்றம் அண்ணி சொன்னார். வருகிறவர்கள் நெட்டையாக இருப்பார்கள், மேடையை ஏற்றிவிடு என்றார். நியாயம்தான், முப்பத்தாறு இஞ்சுக்கு ஏற்றினேன். கல் போட்ட அன்று ஒரு தடவை அதன் முன்னால் நின்று, வெங்காயம் நறுக்குகிற மாதிரி கையை வைத்துப் பார்த்தேன். தோள் காது வரைக்கும் ஏறியது. நல்ல நாள் பார்த்து அண்ணனும் அண்ணியும் புது அடுப்பில் பால் காய்ச்சினார்கள். கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது, அண்ணிக்கு ரொம்பத் திருப்தி. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்.

முதலில் குடிவந்தவள் கொலோன் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஜெர்மன்காரி. அவள் மொழியில் நான் பேசியதும் அவளுக்குத் தாங்கவில்லை. தன் வீடு இந்த மாடியில் பாதிதான் இருக்கும் என்றாள். ஊரை விட்டுக் கிளம்பும்போது சமையலறையைக் கழற்றி அடுத்து வருகிறவருக்கு விற்றுவிட்டாளாம். அடுப்பு, சிம்னி, சத்தமில்லாமல் மூடுகிற டிராயர் எல்லாவற்றையும் விற்பனைக்காரியின் பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். கல்லை விரலால் தடவினாள். அவளுக்கு உயரமும் அளந்து வைத்த மாதிரி இருந்தது. ரொம்ப அழகு, யார் வரைந்தது என்று கேட்டாள், சொன்னேன். காலையில் பழம், மத்தியானம் யோகாசாலைச் சாப்பாடு, ராத்திரி ஒன்றும் கிடையாது என்று தன் முறையை விவரித்தாள். பிறகு, என் மனம் சங்கடப்படக் கூடாதே என்று நினைத்தவள் போல் என் தோளைத் தொட்டுச் சொன்னாள்:

“இந்த அடுப்பை நான் தொடவே மாட்டேன். எனக்குத் தண்ணீர் கொதித்தால் போதும்.”

அவளுக்காக என் கெட்டிலையும் மேலே கொடுத்துவிட்டேன். அடுப்பு மாடியில், கெட்டில் மாடியில், நான் கீழே பவித்ராவின் அறையில் என்று இதைவிடக் கச்சிதமான ஒரு பிளானை மூன்று நாட்டிலும் நான் போட்டதில்லை.